ஒரே பாதரசம், வேறுவேறு உடல்கள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைகளுக்கு ஒருவகைப் பொடியை ஊட்டும் வழக்கம் பரவலாக இருந்தது. ஈறு கடுத்து அழும் குழந்தையை அது அமைதிப்படுத்தும் எனத் தாய்மார் நம்பினர். அப்பொடிகள் பலவற்றில் கலோமெல் என்னும் பாதரச உப்புச் சேர்ந்திருந்தது. அதே காலத்தில் அந்நாடுகளின் மருத்துவமனைகளுக்கு ஒரு விந்தை நோயுடன் குழந்தைகள் வந்துகொண்டிருந்தனர். கையும் காலும் சிவந்து வீங்கும்; தோல் உரியும்; வெளிச்சம் கண்ணுக்கு ஒவ்வாது; வியர்வை ஓயாது; குழந்தை இரவெல்லாம் உறங்காமல் வலியால் துடிக்கும். நிறத்தைக் கொண்டு இதனை 'இளஞ்சிவப்பு நோய்' என்றனர். தொற்று என்று சிலரும் ஊட்டச்சத்துக் குறைவு என்று சிலரும் கருதினர். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஜோசப் வார்க்கனி, இந்நோயுற்ற குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் மிகுந்திருப்பதைக் காட்டினார். 1954ஆம் ஆண்டை ஒட்டிப் பிரித்தானியப் பொடிகளிலிருந்து கலோமெல் விலக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அந்நோயும் ஏறத்தாழ மறைந்தே போயிற்று.

இத்துணை வெளிப்படையான தொடர்பு ஏன் அவ்வளவு காலம் புலப்படவில்லை? பொடியை உண்ட குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் நேராததே காரணம். 500 குழந்தைகளுள் ஒன்றே நோயுற்றது என்பது பலரும் எடுத்துக்காட்டும் ஒரு மதிப்பீடு. பொடி நஞ்சாயின் மற்ற 499 குழந்தைகளும் நலமாக இருப்பது எவ்வாறு என்று அன்று கேட்டவர்கள் அறிவிலிகள் அல்லர். கேள்வி நியாயமானது. ஆனால் அக்கேள்விக்குள், ஒரு நஞ்சு எல்லா உடலிலும் ஒரே வகையாகவே வேலை செய்யும் என்னும் எண்ணம் ஒளிந்திருந்தது. அவ்வெண்ணம் ஏன் பொருந்தாது என்பதே இவ்வுரையின் பொருள்.

மொழியியலைத் தொழிலாகக் கொண்ட நாம் பாதரசத்தைப் பற்றிப் பேச முன்வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். மரபணு பற்றிய செய்திகளைத் தமிழில் படிக்கும்போது, அறிவியலைவிடச் சொற்களே வாசகரைத் தடுமாறச் செய்வதை நாம் நெடுநாளாகக் கண்டுவருகிறோம். வேறுபாடு என்று சொல்ல வேண்டிய இடத்தில் குறைபாடு என்கிறோம். இயல்பான பன்மையைப் பிறழ்வு என்கிறோம். இதனைப் பின்னர் விரித்துரைப்போம். முதலில் பாதரசத்தைப் பார்ப்போம்.

பாதரசம் என்பது ஒரு பெயரேயன்றி ஒரு நஞ்சு அன்று. குறைந்தது மூன்று உருவங்களில் அது மனிதரை அடைகிறது. வெப்பமானியில் நாம் கண்ட வெள்ளி நிற நீர்மம் ஆவியாகும்போது, மூச்சுடன் நுழையும் ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காடு நுரையீரல் வழியாகக் குருதியில் கலந்து மூளைக்கும் செல்கிறது. தங்கம் பிரிப்போரும் பல் மருத்துவப் பணியாளரும் எதிர்கொள்வது இவ்வுருவமே. இரண்டாவது, கலோமெல் போன்ற உப்பு வடிவம். இது பெரும்பாலும் சிறுநீரகத்தைத் தாக்கும். மூன்றாவது மெத்தில் பாதரசம். நீர்நிலைகளில் நுண்ணுயிர்கள் பாதரசத்தை இவ்வடிவுக்கு மாற்றுகின்றன. சிறுமீனை உண்ணும் பெருமீனில் அது படிப்படியாகச் செறிகிறது. உணவுடன் உட்செல்லும் மெத்தில் பாதரசத்தில் 95 விழுக்காடு அளவுக்குக் குடல் ஈர்த்துக்கொள்கிறது.

மூளையைச் சுற்றி ஒரு காவல் அரண் உண்டு. மெத்தில் பாதரசம் அவ்வரணைக் கடக்கும் முறை மொழி கற்றோருக்குச் சுவையானது. அது சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்துடன் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய நிலையில் அதன் தோற்றம் மெத்தியோனின் என்னும் வேறோர் அமினோ அமிலத்தை ஒத்திருக்கிறது. மெத்தியோனின் மூளைக்கு வேண்டிய பொருள். வாயிற்காவலராகிய கடத்திப் புரதம் வடிவத்தைப் பார்த்து வழிவிடுகிறது. எழுத்துப் பிழையைக் கண்ணுக்குப் பழகிய சொல்லாகவே படித்துச் செல்லும் மெய்ப்புத் திருத்துநரைப் போல அக்காவலரும் ஏமாறுகிறார்.

இனி மரபணுவுக்கு வருவோம். மரபணு என்பது ஒரு புரதத்தைச் செய்வதற்கான எழுத்துக்கோவை. அதில் உள்ள எழுத்துகள் நான்கே. மனிதர் இருவரின் எழுத்துக்கோவைகளை அருகருகே வைத்தால் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். ஆயினும் ஏறத்தாழ ஆயிரம் எழுத்துக்கு ஒன்று வேறுபடும். இவ்வேறுபாடுகளைப் புரிந்துகொள்ளத் தமிழ் மாணவர் தம் இலக்கணப் பாடத்தைத் தாண்டிச் செல்ல வேண்டியதில்லை. அறம் என்பது அறன் எனவும் வரும்; நிலம் என்பது நிலன் எனவும் வரும். எழுத்து மாறிற்று, பொருள் மாறவில்லை. இதனைப் போலி என்கிறோம். மரபணு வேறுபாடுகளுள் மிகப் பல இத்தகைய போலிகளே. ஆனால் அறம் என்பதில் ஓர் எழுத்து மாறி அரம் ஆயின், கையிலிருப்பது வேறு பொருள். புரதத்தின் செயலை மாற்றும் வேறுபாடுகள் இவ்வகையின. இன்னும் ஒருவகை உண்டு. பாடத்தில் எவ்வெழுத்தும் மாறாது. 'இதனை நூறு படி எடுக்க' என்று ஓரத்தில் எழுதியுள்ள குறிப்பு 'ஐம்பது படி எடுக்க' என்று இருக்கும். புரதம் அதேதான், அளவு மட்டும் குறையும். பாதரச ஆய்வில் இம்மூன்றாம் வகைக்குத் தனி இடம் உண்டு.

உடல் பாதரசத்தை வெளியேற்றப் பயன்படுத்தும் முதன்மைக் கருவி குளூட்டாத்தயோன் என்னும் சிறு மூலக்கூறு. மூன்று அமினோ அமிலங்களால் ஆனது; அவற்றுள் ஒன்றான சிஸ்டீனில் கந்தகம் உண்டு. பாதரசத்துக்குக் கந்தகத்தின்மேல் தீராத நாட்டம். கல்லீரல் உயிரணுக்களில் குளூட்டாத்தயோன் பாதரசத்தைப் பற்றிக்கொள்ள, அச்சேர்க்கை பித்தநீருடன் குடலுக்குள் தள்ளப்படுகிறது. ஆகவே குளூட்டாத்தயோன் எவ்வளவு உற்பத்தியாகிறது என்பது முக்கியம். அவ்வுற்பத்தியில் வேகத்தை உறுதிசெய்யும் நொதியின் இரு பகுதிகளை ஜிசிஎல்சி, ஜிசிஎல்எம் என்னும் இரு மரபணுக்கள் தருகின்றன. நாம் மேலே சொன்ன ஓரக் குறிப்பு வேறுபாடுகள் இவற்றில் காணப்படுகின்றன. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டு முதல் மீன் உண்போரிடமும், ஈக்குவடோரில் பாதரச ஆவிக்கு ஆட்பட்ட தங்கத் தொழிலாளரிடமும் இம்மரபணுக்களை ஆராய்ந்தனர். சில வடிவங்களைக் கொண்டவர்களின் உடலில் பாதரசம் கூடுதலாகத் தங்குவதை அவர்கள் கண்டனர். பாதரசத்தை உயிரணுவிலிருந்து வெளியே தள்ளும் கடத்திப் புரதங்களுக்கும் இது பொருந்தும். மத்தியதரைக் கடல் நாடுகளிலும் செய்ஷல்ஸ் தீவுகளிலும் நடந்த தாய்சேய் ஆய்வுகள், தாயின் கடத்தி மரபணு வடிவத்துக்கும் பாதரச அளவுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியுள்ளன.

சிலரிடம் ஒரு மரபணு முழுவதுமே இராது. குளூட்டாத்தயோனைப் பிற பொருள்களுடன் இணைக்கும் நொதிகளுள் ஒன்றுக்குரிய ஜிஎஸ்டிஎம்1 மரபணு, ஐரோப்பிய வழியினருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இல்லை. அவர்கள் நோயாளிகள் அல்லர், இயல்பாக வாழ்கின்றனர். பாதரசத்தைப் பொறுத்தவரை இம்மரபணு இல்லாமை கேடு தருமா என்பதில் ஆய்வுகள் ஒத்த முடிவைத் தரவில்லை. பாதி மக்களிடம் இல்லாத ஒன்றைக் குறைபாடு என்று எவ்வாறு அழைப்பது?

உடல்களிடையே உள்ள வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதை ஒரு கொடிய நிகழ்வு காட்டிற்று. 1971ஆம் ஆண்டின் இறுதியில் ஈராக் நாட்டு உழவர்களுக்கு விதைத் தானியம் வழங்கப்பட்டது. பூஞ்சையைத் தடுக்க அதில் மெத்தில் பாதரசம் பூசியிருந்தனர். மூட்டைகளின்மீது எச்சரிக்கை இருந்தது. ஆனால் அது ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அடையாளத்துக்கு ஏற்றிய சிவப்புச் சாயம் கழுவியதும் போயிற்று. சாயத்தோடு நஞ்சும் போனதென எண்ணி, மக்கள் தானியத்தை அரைத்து ரொட்டி சுட்டனர். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அங்கு இறந்தோர் 459 பேர். படிக்க இயலாத மொழியில் எழுதிய எச்சரிக்கை எச்சரிக்கையே ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றை நாம் அறியோம்.

அங்கு உயிர்பிழைத்தோரின் தலைமயிரை ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் வளரும். வளரும் நாளில் குருதியிலிருந்த பாதரசம் அதில் பதிந்துவிடும். வேரிலிருந்து நுனிவரை துண்டுதுண்டாக அளந்தால், மாதவாரியாக எழுதிவைத்த நாட்குறிப்பைப் படிப்பது போலாகும். அதைக் கொண்டு, உடலிலுள்ள பாதரசம் பாதியாகக் குறைய எத்தனை நாள் ஆகிறது என்று கணித்தனர். அரைவாழ்வு எனப்படும் இக்காலம் சராசரியாக 72 நாள். ஆனால் 48 பேரிடையே அது 35 நாள் முதல் 189 நாள் வரை பரந்து கிடந்தது. நாள்தோறும் ஒரே அளவு மெத்தில் பாதரசத்தை உண்ணும் இருவருள், அரைவாழ்வு 189 நாளாக உள்ளவரின் உடலில் காலப்போக்கில் தேங்கும் அளவு, 35 நாள் உள்ளவருடையதைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். உணவு ஒன்று, சுமை ஐந்து மடங்கு. இவ்வேறுபாடு முழுவதும் மரபணுவால் வந்ததன்று. வயது, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், உணவின் பிற கூறுகள் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. தனியொரு மரபணு வடிவத்தின் பங்கு பெரும்பாலும் சிறியதே.

உடலில் தேங்கும் அளவு ஒன்றாக இருந்தாலும், அவ்வளவு விளைவிக்கும் கேடு வேறுபடலாம். இங்கே சராசரி என்னும் கருத்து நம்மை ஏமாற்றக்கூடும். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் 8 முதல் 12 வயது வரையுள்ள 507 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பாதரசம் கலந்த பல் அடைப்பும் மறு பிரிவினருக்குப் பாதரசமற்ற அடைப்பும் இட்டு, ஏழாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். நினைவாற்றல், கவனம், இயக்கத் திறன், நரம்பின் வேகம் ஆகியவற்றில் இரு பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 2006இல் முடிவு வெளியாயிற்று. பின்னர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் உட்ஸ் குழுவினர் அக்குழந்தைகளுள் பலரின் மரபணுக்களை ஆராய்ந்தனர். குருதியின் செந்நிறப் பொருளை ஆக்கும் தொடர்வினையில் பங்கேற்கும் சிபிஓஎக்ஸ் என்னும் நொதிக்கு 'சிபிஓஎக்ஸ்4' என்றொரு வடிவம் உண்டு. அவ்வடிவம் கொண்ட சிறுவரிடம், பாதரச அளவு கூடக்கூடச் சில தேர்வுகளில் திறன் குறைவதை 2012இல் அவர்கள் அறிவித்தனர். சிறுமியரிடம் அவ்விளைவு அவ்வாறு வெளிப்படவில்லை.

ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. வகுப்பின் சராசரி மதிப்பெண் சென்ற ஆண்டைப் போலவே இருக்கிறது என்பதால் எந்த மாணவரும் பின்தங்கவில்லை என்று ஆகாது. இரண்டு மூவர் வீழ்ந்திருப்பதை மற்றவர்களின் எண்ணிக்கை மறைத்துவிடும். அதே வேளையில் மறுபக்கமும் சொல்ல வேண்டும். பல மரபணுக்களையும் பல தேர்வுகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால், தற்செயலாகவே சில பொருத்தங்கள் தோன்றும். வேறு மக்களிடம், வேறு ஆய்வாளர்களால் மீண்டும் மெய்ப்பிக்கப்படும் வரை இத்தகைய முடிவை உறுதியென்று கொள்ளல் ஆகாது. இன்றைய நிலையில், ஒருவரது மரபணுவைப் பார்த்து 'உமக்குப் பாதரசம் தீங்கு செய்யாது' என்று எவரும் உறுதிகூற இயலாது. அவ்வாறு கூறி விற்கப்படும் சோதனைகளை ஐயத்துடன் நோக்குவதே தக்கது.

அப்படியாயின் இவ்வறிவால் பயன் என்ன? பயன் ஒரு கணக்கில் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் உலக நலவாழ்வு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழு, மெத்தில் பாதரசத்துக்கு ஒரு வரம்பை 2003இல் வகுத்தது. கருவிலுள்ள குழந்தைக்குத் தெளிவான தீங்கு புலப்படாத நிலையைப் பரோயே தீவுகளிலும் செய்ஷல்ஸ் தீவுகளிலும் நடந்த ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொண்டது. அந்நிலைக்கு ஒத்த உணவளவு, தாயின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.5 மைக்ரோகிராம். ஆனால் குழு அதனை அப்படியே வரம்பாக்கவில்லை. மயிரிலுள்ள அளவைக் கொண்டு குருதியின் அளவைக் கணிப்பதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டுக்காக 2 என்னும் எண்ணையும், உடல் பாதரசத்தை வெளியேற்றும் வேகத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டுக்காக 3.2 என்னும் எண்ணையும் பெருக்கி, 6.4 ஆல் வகுத்தது. கிடைத்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.23, வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது வாரம் 96 மைக்ரோகிராம். கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் பாதரசம் கொண்ட பெரிய வேட்டை மீனாயின், 96 கிராம் துண்டு ஒன்றிலேயே அவ்வளவும் அடங்கிவிடும்.

அந்த 3.2 என்னும் எண்ணை நாம் மதிப்புடன் நோக்குகிறோம். அது மெதுவாக வெளியேற்றும் உடலுக்கு ஒதுக்கப்பட்ட இடம். அவ்வுடல் யாருடையது என்று எவரையும் சோதிக்காமல், பெயர் கேட்காமல், அனைவருக்குமான வரம்பே தாழ்த்தப்பட்டது.

இவ்வேறுபாட்டை எதிர்த்திசையிலும் பயன்படுத்தலாம். 'மற்றவர்கள் நலமாக உள்ளனர். உம் உடலில்தான் ஏதோ கோளாறு' என்று பாதிக்கப்பட்டவரிடமே பழியைத் திருப்பிவிடலாம். ஜப்பானின் மினமாட்டாவில் நடந்ததை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலைக் கழிவில் வந்த மெத்தில் பாதரசம் விரிகுடா மீன்களில் சேர்ந்து, உண்டவர்களின் நரம்புகளை அழித்தது. 1956 மே 1ஆம் நாள் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. கரிமப் பாதரசமே காரணம் என்று 1959இல் குமமோட்டோ பல்கலைக்கழகத்தார் காட்டியும், அரசு அதனை ஏற்றது 1968இல்தான். பின்னர் இழப்பீட்டுக்குச் சான்று வழங்கும் நிலை வந்தபோது, 1977இல் வகுத்த விதிகள் பல அறிகுறிகள் ஒருங்கே இருக்க வேண்டுமென்றன. நோய் எல்லா உடலிலும் ஒரே முகத்துடன் தோன்றும் என்பது போன்ற விதி அது. கைகால்களில் உணர்விழப்பு மட்டும் உடையவர்கள் ஆயிரக்கணக்கில் தள்ளப்பட்டனர். அத்தகையவரையும் நோயாளியாக ஏற்க இடமுண்டு என்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013இல்.

மினமாட்டாவிலேயே, எல்லா வேறுபாட்டையும் மரபணுவின் தலையில் கட்டக்கூடாது என்பதற்கும் சான்று உண்டு. பெரிய அறிகுறி எதுவும் இல்லாத தாய்மாருக்குக் கடும் ஊனத்துடன் குழந்தைகள் பிறந்தன. பிறந்த குழந்தை மீன் உண்டிராததால், அது வேறு நோய் என்றும் பிறவிக் குறை என்றும் முதலில் கூறப்பட்டது. நச்சுப்பொருளை நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என்பது அக்கால நம்பிக்கை. உண்மையில் மெத்தில் பாதரசம் கருவின் குருதியில் தாயினுடையதைவிட மிகுதியாகவே சேர்கிறது. ஜப்பானியக் குடும்பங்கள் குழந்தையின் தொப்புள்கொடித் துண்டை உலர்த்திப் பேழையில் காப்பது மரபு. மருத்துவர் மசாசூமி ஹராடா முதலானோர் பல்லாண்டு கழித்து அத்துண்டுகளைப் பெற்று அளந்தபோது, அவற்றில் பாதரசம் இருந்தது. குடும்ப அன்பின் பொருட்டு வைத்த பொருள் சான்றாவணம் ஆயிற்று.

இனி, முன்னர் விட்டுவந்த சொற்களுக்கு வருவோம். மக்களிடையே இயல்பாகக் காணும் மரபணு வடிவங்களைப் பாடநூல்கள் சில பல்லுருத்தோற்றம் என்கின்றன. நல்ல சொல், ஒன்று சரி, மற்றது பிழை என்னும் தீர்ப்பு அதில் இல்லை. நாளிதழ்கள் எளிமை கருதி மரபணுக் குறைபாடு என்றும் பிறழ்வு என்றும் எழுதுகின்றன. பிறழ்தல் என்பது நெறியிலிருந்து விலகுதல். 'பாதரசத்தை வெளியேற்ற இயலாத மரபணுக் குறைபாடு' என்று ஒரு தொடர் அச்சேறிய கணத்தில், ஆலைக் கழிவு எழுவாயாக இருக்க வேண்டிய வாக்கியத்தில் நோயாளி எழுவாயாகிவிடுகிறார். 'மரபணு வேறுபாட்டால் சிலரிடம் பாதரசம் மெதுவாக வெளியேறுகிறது' என்று எழுதினால் போதும். பரம்பரை நோய் என்னும் தொடரை இவ்விடத்தில் அறவே தவிர்க்கலாம். பரம்பரையாக வருவது நொதியின் வடிவமே, நோய் வருவது பாதரசத்தால்.

நம் வட்டாரத்தில் இவ்வறிவு பயன்படும் இடம் குளியலறைக் கண்ணாடியின் முன்னால் இருக்கிறது. தோலை வெளுப்பாக்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதாகச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது. மினமாட்டா உடன்படிக்கை முதலில் வகுத்திருந்த எல்லை பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஒரே களிம்பை அக்காள் தங்கையர் இருவர் பூசுகின்றனர் என்று கொள்வோம். ஒருவருக்குக் காலும் முகமும் வீங்கிச் சிறுநீரில் புரதம் கழியலாம். மற்றவருக்கு ஒன்றும் நேராமல் இருக்கலாம். நலமாக இருப்பவரைக் காட்டிக் களிம்பு நல்லது என்று சொல்ல வழியில்லை. அக்களிம்பைப் பூசாத, அதே வீட்டில் வாழும் குழந்தைகளின் உடலிலும் பாதரசம் கண்டறியப்பட்டுள்ளது. உறையில் சேர்மானப் பட்டியலே இல்லையெனில் வாங்காதிருப்பது நன்று. பட்டியல் இருந்தால் தேட வேண்டிய பெயர்கள் மெர்க்குரி, மெர்க்குரிக், மெர்க்குரியோ, மெர்க்குரஸ் குளோரைடு. அந்தக் கடைசிப் பொருளுக்கே கலோமெல் என்றும் பெயர்.